கிடங்குத் தெருவின் தொண்ணூற்று நான்கு பேர்

நடைபாதைப் பட்டியல் வந்த அன்றே ப்யூன் சின்னவளின் காதைக் கடித்தார்.

"முதல் பேரைப் பாத்தீங்களா? தண்ணித்தொட்டித் தெரு. நம்ம இன்ஜினியர் சாரோட கொழுந்தியா வீடு எங்க இருக்கு தெரியுமா?"

"எங்கண்ணே?"

"நான் சொல்ல மாட்டேம்மா. எனக்கெதுக்கு வம்பு?" என்று இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "அதே தெருதான். நாலாவது வீடு. பச்சை கேட்டு."

சின்னவளுக்கு நகராட்சியின் சாலைப் பிரிவில் கணினி முன் உட்காருகிற வேலை. வீட்டில்தான் அவள் சின்னவள். அலுவலகத்தில் டிக் மேடம். எந்தத் தாள் வந்தாலும் சரிபார்த்து ஓரத்தில் பென்சிலால் டிக் போட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடுவாள். இயற்பியல் படித்தவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் சுவரோரமாக ஒதுங்கி நிற்பாள். ஆனால் கூட்டல் தப்பாக இருந்தால் எந்த மூலையில் நின்றாலும் அவளுக்குக் கண்ணில் குத்தும்.

நகரில் நடைபாதை இல்லாத தெருக்கள் நூற்று நாற்பது. இந்த ஆண்டு ஒன்பது தெருக்களுக்குத்தான் போட முடியும். எந்த ஒன்பது என்பதை நூற்றுக்குப் போடுகிற மதிப்பெண் தீர்மானிக்கும். பக்கத்தில் பள்ளி இருந்தால் இருபது, பேருந்து நிறுத்தம் இருந்தால் பதினைந்து, மருத்துவமனைக்குப் பதினைந்து, போலீசில் பதிவான விபத்துக்கு இருபது. மிச்சம் முப்பதும் நடப்பவர்களின் எண்ணிக்கைக்கு. காலை ஏழு முதல் ஒன்பது வரை தெருமுனையில் ஒரு ஆள் நின்று எண்ணுவார். நானூற்றைத் தாண்டினால் முழு முப்பது. முந்நூற்றைத் தாண்டினால் இருபத்திரண்டு. நூற்றுக்குக் கீழே போனால் வெறும் மூன்று.

தண்ணீர்த்தொட்டித் தெருவில் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் நடந்தார்களாம். கிடங்குத் தெருவில் தொண்ணூற்று நான்கு. மொத்தம் முப்பத்தெட்டு மதிப்பெண்ணோடு கிடங்குத் தெரு அறுபத்தோராவது இடத்தில் கிடந்தது.

கிடங்குத் தெருவில்தான் அக்கா குடியிருக்கிறாள். போன மாதம் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அக்காவின் தோள்பையில் மாட்டி, பத்தடி தூரம் இழுத்துப் போட்டது. பையின் வார் அறுந்ததால் ஆள் பிழைத்தாள். போலீசில் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் அது விபத்தே இல்லை. அக்காவின் மகள் குட்டிக்கு ஆறு வயது. அன்று அவளுக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. போயிருந்தால் அவளும் அக்காவோடு அந்த லாரிக்குப் பக்கத்தில் நடந்திருப்பாள்.

"அங்கதானேடி குப்பை கொட்டறே? எங்க தெரு எப்ப வரும்?" என்று அக்கா கேட்டபோது, "முதல் பட்டியல்லயே வந்துடும்க்கா" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தாள்.

பச்சை கேட்டைப் பற்றிக் கேட்டதும் அவளுக்கு மூன்று மாதத்துக்கு முந்திய கூட்டம் ஞாபகம் வந்தது. மதிப்பெண் முறையை வகுத்த கூட்டம். இன்ஜினியர் அதில் ஒரு வரி சேர்த்திருந்தார்: பாதை போட்டால் நடக்கக்கூடியவர்கள். வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும்; அதற்கு இருபது, எண்ணிக்கைக்குப் பத்து. சின்னவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"நடக்கறவங்களை எண்ணலாம் சார். நடக்கக்கூடியவங்களை எப்படி எண்ணறது? யாரு எது வேணும்னாலும் எழுதிக்கலாமே."

இன்ஜினியர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்த வரியைக் குறுக்கே அடித்தார். அன்று முழுவதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. வாசலை அவள் அடைத்ததும் மனிதர் சன்னல் வழியாகப் புகுந்திருக்கிறார். கொழுந்தியா தெருவில் எண்ணிக்கையை ஏற்றி, இளிச்சவாயன் தெருக்களில் இறக்கியிருக்கிறார். கையும் களவுமாகப் பிடிக்க ஒரே வழிதான். சின்னவள் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

முதல் நாள் தண்ணீர்த்தொட்டித் தெருமுனையில், மருந்துக் கடை வாசலில் நின்றாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிறவர்கள், சந்தைக் கூடைகள். பச்சை கேட்டு திறக்கவே இல்லை. ஒன்பது மணிக்குக் கூட்டிப் பார்த்தாள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. எண் சரியாக இருந்தது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்படி ஏமாந்ததில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சரி, இங்கே ஏற்றவில்லை. அங்கே இறக்கியிருப்பார்.

மறுநாள் கிடங்குத் தெரு. இடுப்பளவு சாக்கடை, அதை ஒட்டி கிடங்கின் நீளச் சுவர், எதிர்ப்பக்கம் வரிசையாக லாரிகள். நடுவில் மிஞ்சிய இடத்தில்தான் வண்டியும் போக வேண்டும், மனிதனும் போக வேண்டும். தெருமுனையில் நின்று எண்ணினாள். ஒன்பது மணிக்கு எண்பத்தெட்டு. தொண்ணூற்று நான்கு என்று எழுதியவன் ஆறு பேரைக் கூட்டித்தான் எழுதியிருக்கிறான்!

அப்போதுதான் உறைத்தது. அக்கா வரவே இல்லை. எட்டரைக்குப் பள்ளி மணி அடித்தாயிற்று, குட்டியும் வரவில்லை. போன மாதத்து லாரி கண் முன்னால் வந்து நின்றது. சின்னவள் தெருவுக்குள் ஓடினாள்.

வீடுகள் முடிந்து கிடங்குச் சுவர் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டாள். சுவரிலிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பிறகு அக்கா வந்தாள்.

"என்னடி இங்க நிக்கறே? ஆபீஸ் இல்லையா?"

"நீ சுவத்துக்குள்ள என்னக்கா பண்றே?"

அக்கா சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினாள். "குட்டியை விட்டுட்டு, அவ டீச்சரைப் பாத்துட்டு வர்றேன். உள்ள கிடங்கு முத்தம், அதைத் தாண்டினா பின் கேட்டு, கேட்டுக்கு எதிர்ல ஸ்கூலு."

"இது வழியாவா?"

"ஊரே இது வழியாத்தான் போவுது. லாரிக்குக் குடுக்க எங்கிட்ட இன்னொரு பையா இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றேனே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"ஞாயித்துக்கிழமை கிடங்கு பூட்டு. நீ பாக்க மாட்டே, நாங்களும் சொல்ல மாட்டோம். நீ ஆபீஸ்காரி. சொன்னா தாள்ல எழுதுவே. எழுதினா மறு வாரமே இதை அடைக்கக் கொத்தனார் வந்து நிப்பான்."

"கூடப் பொறந்தவ மேலயே சந்தேகமா?"

"உன் மேல இல்லடி. உன் டிக் மேல."

சின்னவள் சுவரில் இருந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். உடைந்த கண்ணாடி, ஆணி அடித்த மரப்பெட்டிகள், பின்னோக்கி வருகிற ஒரு லாரி. யாரும் பொய் எழுதவில்லை. நடக்க முடியாத தெருவில் நடப்பவர்களை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி எண்ணச் சொன்னது யார்? மூன்று நாளாக இன்ஜினியரைச் சுட்டிய விரல் சுற்றிக்கொண்டு வந்து அவள் மூக்கைத் தொட்டது.

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சொன்ன பிறகும் தெரு பட்டியலில் ஏறாவிட்டால்? ஓட்டை நகராட்சியின் காதுக்குப் போய்விடும், அடைத்துவிடுவார்கள். குட்டி லாரிகளுக்கு நடுவில் நடப்பாள்.

மறுநாள் காலை இன்ஜினியரின் அறையில் போய் நின்றாள். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஒரு தெருவுல ஜனங்க ரோட்டை விட்டுட்டு வேற வழியா போறாங்க சார். நம்ம எண்ணிக்கையில அவங்க வரல."

"எந்தத் தெரு?"

"சொன்னா வழியை அடைச்சுடுவீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்கா வீடு எந்தத் தெருவும்மா?"

"கிடங்குத் தெரு சார்."

"ப்யூன் சொன்னான். என் கொழுந்தியா வீட்டுக் கேட்டு என்ன நிறம்னு உங்ககிட்ட சொன்னதையும் அவனேதான் சொன்னான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீங்க எண்ணிட்டு வந்தா நான் நம்பணும், இல்லையா?"

"நீங்க எண்ணினாலும் நான் நம்ப மாட்டேன் சார்." வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. எந்த வழியாகப் போகிறார்கள் என்று கேட்டார்; சுவரில் இருக்கிற ஓட்டையைச் சொன்னாள். "அப்ப ரெண்டு பேரும் எண்ணுவோம். வியாழக்கிழமை ஏழு மணி. வீடு முடியற இடத்துல. ரோட்டுல போறவங்க, சுவத்துல நுழையறவங்க எல்லாரையும்."

புதன்கிழமை மாலை அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா பொரிந்து தள்ளினாள். கடைசியில், "எப்பவும் போற மாதிரி போங்க. ஆள் சேத்துக் கூட்டம் காட்டாதீங்க, அந்த ஆளு மோப்பம் புடிச்சுடுவாரு" என்று மட்டும் சின்னவளால் சொல்ல முடிந்தது.

"ஆள் சேக்கறதா? ஓட்டையைக் காட்டிக் குடுத்தவளோட அக்கான்னு என்னை அடிக்காம இருந்தாப் போதும்."

வியாழக்கிழமை இன்ஜினியர் ஒரு மடக்கு நாற்காலியோடு நடந்தே வந்தார். நாற்காலியை அவள் பக்கத்தில் போடாமல் எதிர்ப்பக்கம் போட்டார். அவள் தாளை அவர் பார்க்கக் கூடாது, அவர் தாளை அவள் பார்க்கக் கூடாது. ஏழு மணிக்கு முதல் ஆள் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், பேசாமல் ரோட்டிலேயே நடந்தார். அடுத்தடுத்து வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். "அடைக்கத்தான் வந்திருக்காங்க" என்று ஒரு குரல் கேட்டது. கடைசியில் ஒரு லாரி எழுப்பிய ஹாரன் சத்தத்தில் ஒருவர் துள்ளி ஓட்டைக்குள் பாய்ந்தார். அவர் பின்னால் தெருவே வழக்கப்படி உள்ளே போகத் தொடங்கியது.

ஏழே முக்காலுக்கு இன்ஜினியர் குரல் கொடுத்தார். "அந்தச் சிவப்புச் சட்டை ரெண்டாவது தடவை போறாரு!"

"சாவியை மறந்து திரும்பி வந்தாரு சார். ரெண்டாவது தடவை நான் எண்ணல."

அவர் தன் தாளில் ஒரு கோட்டை அடித்தார்.

எட்டேகாலுக்கு அக்கா வந்தாள். இடுப்பில் குட்டி. ஆறு வயதுப் பெண். கால்கள் அக்காவின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. அக்கா யாரையும் பார்க்காமல் உடம்பைச் சாய்த்துச் சுவருக்குள் நுழைந்தாள். சின்னவள் ஒரு கோடு போட்டாள். எண்ணிக்கைப் படிவத்தின் ஆறாவது விதி: தூக்கிச் செல்லப்படும் குழந்தை நடப்பவர் அல்ல.

ஒன்பது மணிக்குக் கூட்டினாள். திரும்பவும் கூட்டினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருபத்திரண்டு மதிப்பெண். மொத்தம் ஐம்பத்தேழு. ஒன்பதாவது தெரு வாங்கியிருப்பது அறுபத்திரண்டு. போயிற்று. ஓட்டையும் போயிற்று.

இன்ஜினியர் நாற்காலியை மடக்கிக்கொண்டு வந்தார். "எவ்வளவு?"

"முந்நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"எனக்கு நானூத்தி ஒம்போது."

அவளுக்குச் சட்டென்று உடம்பு சூடாயிற்று. பதினொன்று எங்கிருந்து வந்தது? எதற்காக இவர் நமக்குச் சாதகமாக ஏற்றிக் காட்டுகிறார்? நாளைக்குக் கூட்டத்தில், 'இந்தப் பொண்ணு தன் அக்காவுக்காகக் கையெழுத்துப் போட்டா' என்று எழுந்து சொல்வதற்கா? பச்சை கேட்டை மறைக்க நம்மையும் கூட்டுச் சேர்க்கிறாரா?

"உங்க எண்ணிக்கை தப்பு சார்."

"இடுப்புல இருந்த பிள்ளைங்க பதினொண்ணு. நான் எண்ணினேன், நீங்க எண்ணல."

"விதியில இல்லையே சார்."

"உங்க அக்கா தூக்கிட்டுப் போனாளே, அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"ஆறு."

"கால்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். வீட்டுக்குள்ள ஒரு இடத்துல நிக்க மாட்டா."

"அப்ப ஏன் தூக்கிட்டுப் போறாங்க?"

முற்றத்தில் லாரி பின்னோக்கி வருகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் தாளைச் சுவரில் வைத்து எழுதினாள். நடந்தவர்கள் 398. நடக்கக்கூடிய வயதிலும் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் 11. மொத்தம் 409. கொஞ்சம் யோசித்து அதன் கீழே இன்னொரு வரி: எண்ணியவரின் அக்கா இந்தத் தெருவில் வசிக்கிறார். கையெழுத்துப் போட்டாள். ஓரத்தில் டிக் போடவில்லை.

இன்ஜினியர் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கி அடுத்த வரியில் எழுதினார்: உடன் எண்ணியவரின் மனைவியின் தங்கை முதலிடத்துத் தெருவில் வசிக்கிறார், நான்காவது வீடு. "கேட்டு நிறமும் போடட்டுமா?" என்றார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைகளை எண்ணலாமா என்று ஒன்றரை மணி நேரம் வாக்குவாதம். சொந்தக்காரர்களை ஒளிக்காமல் எழுதிய அந்த இரண்டு வரிகளை யாராலும் தாண்ட முடியவில்லை. நானூற்று ஒன்பது நின்றது; அறுபத்தைந்து மதிப்பெண்ணோடு கிடங்குத் தெரு எட்டாவது இடத்துக்கு ஏறியது. நடைபாதை முடியும்வரை சுவரைத் தொடக் கூடாது என்றும் எழுதினார்கள். ப்யூன் பட்டியலைப் பலகையில் ஒட்டிவிட்டு யார் காதையோ தேடிக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

சின்னவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"எட்டாவதுக்கா. வந்துடுச்சு."

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன். தாளே எங்கிட்ட இருக்கு."

"தாளு இருக்கட்டும்டி. கல்லு வந்து இறங்கட்டும், அப்ப நம்பறேன்" என்றாள் அக்கா. பிறகு, "எத்தனை அடி அகலம்? ரெண்டு பேர் கையைப் புடிச்சுக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டாள்.