ஃபிரெடியின் அறைக்கு எத்தனை படி

இரும்புலியூரில் ஏசி மெக்கானிக் ஃபிரெடி ஜூலை மாதம் படுக்கையில் விழுந்தபோது அவன் எடை அறுபத்தெட்டு கிலோ. செப்டம்பர் கடைசியில் அது அறுநூறைத் தாண்டியிருந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் மேடைத் தராசை வீட்டுக்கே கொண்டுவந்து நிறுத்துச் சொன்ன கணக்கு இது. தராசு அதற்குப் பிறகு உதவவில்லை. ஆள் என்னவோ இளைத்துத்தான் போயிருந்தான். கன்னம் ஒட்டிப்போய், கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. எடை மட்டும் ஏறியது. முதலில் கட்டில் கால்கள் டைல்ஸைக் குத்திக்கொண்டு இறங்கின. பிறகு தரையே கட்டிலோடு இறங்கத் தொடங்கியது. அவன் படுத்திருந்த பின்னறையின் தரை வாரத்துக்கு இரண்டு அங்குலம் வீதம் பூமிக்குள் போனது. வீட்டின் மற்ற பகுதிகள் இருந்த இடத்தில் இருந்தன.

அவன் மனைவி ரோஸி மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் சட்டைப் பட்டன்களை இழுத்துப் பார்த்துச் சரி சொல்லும் வேலையில் இருந்தாள். தினமும் கிளம்புமுன் பின்னறை நிலைக்காலில், தரை நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். மாலை வந்ததும் செருப்பைக் கழற்றாமல் போய் அந்தக் கோட்டைப் பார்ப்பாள். நடுவில் உள்ள ஒன்பது மணி நேரமும் அந்தக் கோடுதான் நினைப்பில் இருக்கும். பக்கத்து மெஷின்காரியின் ஃபோன் அடித்தால்கூட இவள் கையிலிருந்து சட்டை நழுவும்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போர் போட்டு நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சியதால் என்றார்கள். ஃபிரெடியின் அண்ணன் எலியேசர் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுபவர். அவருக்கு இது சோம்பேறித்தனம் என்று பட்டது. வாசற்படியில் நின்று சொன்னார்: “டேய், உனக்கு இன்னாடா கொறை? சொந்த வூடு கீது, பொண்டாட்டி சம்பாரிக்கிறா. எழுந்து குளிச்சிட்டு ஒரு ரவுண்டு வாக்கிங் போடா, எல்லாம் சரியாப்பூடும்.” அன்று மாலை கோடு இரண்டு விரற்கடை மேலே நின்றது, தரை அவ்வளவு இறங்கியிருந்தது. சபையிலிருந்து வந்த பேபி அக்கா, விசுவாசம் போதவில்லை என்றார். மூன்று விரற்கடை. கணக்கு ரோஸிக்குப் புரியத் தொடங்கியது. ஆனால் புரிவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் கட்டில் பக்கத்தில் அழுதுகொண்டே, “எனக்காகவாவது எழுந்திருப்பா” என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு நாளில் மட்டும் அறை ஐந்து விரற்கடை போனது. வேறு யார் பேச்சும் அவ்வளவு கனக்கவில்லை. அதன் பிறகு அவனிடம் எதைச் சொல்லவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு போக முடியாததால் அவள் மட்டும் மனநல டாக்டரைப் பார்க்கப் போனாள். அந்த அம்மா வீடியோ காலில் அவனோடு அரை மணி நேரம் பேசினார். எத்தனை அங்குலம், எத்தனை வாரம் என்று கேட்டு, சுகர் அளவை எழுதுவதுபோல் சீட்டில் எழுதிக்கொண்டார். இது நோய், திமிர் இல்லை என்றார். மாத்திரை வேலை செய்ய நான்கு வாரமோ ஆறு வாரமோ ஆகும் என்றார். பேனாவை மூடிக்கொண்டே, “சாகணும்னு தோணுதான்னு வீட்ல அவரைக் கேட்டீங்களா? எங்கிட்ட பதில் சொல்லல” என்றார்.

“அத எப்டி டாக்டர் கேக்குறது? இல்லாத நெனப்ப நாமளே குடுத்த மாதிரி ஆயிடாதா?”

“ஆகாதும்மா. கேளுங்க.”

மாத்திரையை ரோஸி நேரம் தவறாமல் கொடுத்தாள். கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

அக்டோபர் வந்தது. அவள் பயம் வேறு வடிவம் எடுத்தது. வடகிழக்கு மழையில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அவன் அறை அதற்குள் இரண்டரை அடி இறங்கியிருந்தது. தண்ணீர் வந்தால் அவன் எழமாட்டான், எழுப்பவும் முடியாது. இதற்கு எலியேசர்தான் வழி கண்டுபிடித்தார். அந்தப் பக்கத்தில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு வீடுகள் பள்ளமாகும்போதெல்லாம் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடுவார்கள். “நம்ம தெருவுல தூக்காத வூடு இது ஒண்ணுதான். தூக்கிட்டா அவனும் தன்னால மேல வந்துடுவான்” என்றார். எல்லோருக்கும் சரியென்று பட்டது. ரோஸிக்கும் பட்டது.

வீடு தூக்கும் சின்னப்பன் நூற்றறுபது ஜாக்கிகளோடு வந்தார். அஸ்திவாரத்தை அறுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, விசில் அடித்தால் எல்லா ஆட்களும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருகுவது என்று ஐந்து நாளில் வீட்டை மூன்றரை அடி உயர்த்தினார். பின்னறையின் சுவரும் கூரையும் உயர்ந்தன. தரையும் கட்டிலும் வரவில்லை.

“உள்ள இன்னாக்கா வெச்சிகினு கீறீங்க? பதினோரு ஜாக்கி வளைஞ்சிட்ச்சி” என்றார் சின்னப்பன்.

“என் வூட்டுக்காரர்.”

“அவர கொஞ்சம் வெளிய வந்து நிக்கச் சொல்லேன்.”

“அவர் வந்து நின்னா உங்கள எதுக்குண்ணா கூப்புடப் போறோம்?”

சின்னப்பன் யோசித்துவிட்டு, அது சரிதான் என்றார்.

இப்போது ஹாலிலிருந்து பார்த்தால் ஃபிரெடி ஆறடிப் பள்ளத்தில் படுத்திருந்தான். கஞ்சியும் மாத்திரையும் வாளியில் கயிறு கட்டி இறங்கின. வந்தவர்கள் விளிம்பில் நின்று குனிந்து, காது கேட்காதவனிடம் பேசுவதுபோல் கத்திப் பேசினார்கள். கீழிருந்து அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய கால் கட்டைவிரல்கள். எல்லோருமாகச் சேர்ந்து வீட்டை உயர்த்தி அவனை மட்டும் குழியில் விட்டுவிட்டோம் என்பதை ரோஸி வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காலையில் உணர்ந்தாள். அதற்குள் சின்னப்பன் செங்கல் கட்டி, பூசி, ஜாக்கிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

நவம்பர் இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை பிடித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பின்னறைத் தரையில் மட்டும் டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஊறியது. கரண்ட் போய், தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. எலியேசர் ஏணியை இறக்கிவிட்டு, “எழுந்து புடிடா! பொம்பள மாதிரி படுத்துகினு கீறியே!” என்று கத்தினார். கத்தக் கத்தக் கட்டில் தண்ணீருக்குள் அமிழ்ந்தது.

“மாமா, வாய மூடுங்க” என்றாள் ரோஸி. பதினொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கிக் கட்டிலில் உட்கார்ந்தாள். தண்ணீர் அவள் கெண்டைக்கால் வரை இருந்தது. கீழே வந்த பிறகுதான் அங்கிருந்து மேலே பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“ஃபிரெடி. சாவணும்னு தோணுதா?”

அவன் தண்ணீரைப் பார்த்தான். “தோணுது.”

“எப்பலேருந்து?”

“மே மாசத்துலேருந்து. மாடில ஏறி நின்னாலே தோணும். அதான் வேலைக்குப் போவல.”

“ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“நீ பயப்புடுவ.”

“நான் அப்பலேருந்து பயந்துகினுதான்யா கீறேன். சேந்தே பயப்பட்டிருக்கலாம்ல?”

அவன் தண்ணீருக்குள் இருந்த அவள் காலைப் பார்த்தான். “காலத் தூக்கி மேல வை. சேத்துப்புண்ணு வந்துடும்” என்றான். நாலு மாதத்தில் அவனாகப் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள். அவளுடைய ஐம்பத்தாறு கிலோவும் சேர்ந்ததற்குக் கட்டில் இறங்கியிருக்க வேண்டும். நான்கு விரற்கடை ஏறியது. அங்கிருந்தே டாக்டருக்கு ஃபோன் போட்டு அவன் சொன்னதை அப்படியே சொன்னாள். டாக்டர் மாத்திரையை மாற்றினார். அவனைத் தனியாக விடவேண்டாம் என்றார். மழை இரண்டு நாள் பெய்தது. தண்ணீர் ஒரு விரல் ஏறினால் கட்டிலும் ஒரு விரல் ஏறியது. அந்த இரண்டு நாளும் அவள் மேலே வரவில்லை. எலியேசருக்கு விளிம்பில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி இருந்தது: டீயா, காப்பியா?

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மறு ஜனவரியில் அறை மூன்றடி மேலே வந்தது, ஈஸ்டர் சமயத்தில் ஒன்றரை அடி மறுபடியும் கீழே போனது, மாத்திரை இன்னொரு முறை மாறியது. வளைந்த ஜாக்கிகளுக்கு ஈடாக எதுவும் வாங்காத சின்னப்பன், பலகைகளால் ஒரு படிக்கட்டு செய்து கொடுத்தார். வேண்டும்போது படிகளைச் சேர்க்கலாம், கழற்றலாம். ஃபிரெடி இப்போது தரைத்தள வீடுகளில் மட்டும் ஏசி பார்க்கிறான். போன மாதம் நிறுத்ததில் தொண்ணூற்று மூன்று கிலோ. தெருவில் ரோஸியைப் பார்த்தால் யாரும் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. “இன்னிக்கு எத்தினி படி?” என்பார்கள். அவள் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போவாள். வீட்டு வரிக்கு அளக்க வந்தவரும் அதைத்தான் கேட்டு எழுதிக்கொண்டார்.

நேற்று இரண்டு படி. இன்று காலை ரோஸி கால் வைத்துப் பார்த்தபோது தரை இன்னும் ஒரு படி கீழே போயிருந்தது, மூன்றாவது படிக்கான இடம் காலியாக இருந்தது. கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்து மாட்டினாள். கம்பெனிக்கு ஃபோன் போட்டு அரை நாள் லீவு சொன்னாள். பிறகு டீயையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.