கசங்காத விரிப்புகள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கோபக்காரியின் கதை சொல்கிறேன். எடுத்ததற்கெல்லாம் வள்ளென்று விழுகிற கோபமில்லை அது. பதினொரு வருஷம் வெந்நீரில் கை ஊறியவளின் கோபம்.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்கு அடியில், ஜன்னலில்லாத கூடம். மாடிகளிலிருந்து வரும் அழுக்கு மூட்டையை அவிழ்த்துத் துவைப்பாள், இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்பை வாங்கி மடிப்பாள். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே மூன்று. அவள் மடித்தால் கோடு கத்தி மாதிரி நிற்கும். கூட வேலை பார்த்தவர்கள் மடிப்பக்கா என்றே கூப்பிட்டார்கள்.

மடிப்பக்காவுக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். குடி அவனைப் பிடித்து ஆறு வருஷமாகியிருந்தது. வேலை போயிற்று, மனைவி பிறந்த வீட்டுக்குப் போனாள், வாடகை அறையும் போயிற்று. மூன்று மாதமாக அக்கா வீட்டுக் கூடத்தில்தான் அவன் பாய் விரிந்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவன் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, என்னை எங்கயாவது சேத்து விடேன். தனியா முடியல."

ஆறு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. அடுப்பை அணைத்துவிட்டு அன்றே தெரு முனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நல்ல மனுஷர். "வீட்ல வச்சு சட்டுனு நிறுத்திடாதீங்க. போன தடவை மாதிரி வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. படுக்கை உள்ள இடமா பாத்துச் சேருங்க. அவர் மனசு மாறுறதுக்குள்ள" என்று நாலு விலாசம் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார்.

முதல் விலாசத்தில் மருத்துவமனை மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த இடத்தில் ஒரு கடை. "இங்க குடியை நிறுத்த வைப்பாங்களாமே?" என்று கேட்டாள். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "பாத்ரூம் டைல்ஸ் வேணா காட்டட்டுமாம்மா?"

இரண்டாவது இடத்தில் ஒருவர் மேஜைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மூணு நாள் குடிக்காம இருக்கச் சொல்லி, அப்புறம் கூட்டிட்டு வாங்க."

"மூணு நாள் குடிக்காம இருக்க முடிஞ்சா அவன் எதுக்குய்யா உங்க மூஞ்சியில வந்து முழிக்கிறான்?" என்றாள் மடிப்பக்கா. தம்பிதான் அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தான்.

மூன்றாவது, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும் கூட்டம். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் தம்பியின் நடுங்குகிற கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எட்டு வருஷம் முன்னாடி என் கையும் இதே தாளம்தான் தம்பி. ஆனா முதல்ல ஒரு பெட் பிடி. அப்புறம் ஆயுசு பூரா நாங்க இருக்கோம்."

நாலாவது விலாசம் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியேதான். ஆறாவது மாடி, பத்துப் படுக்கை. அவள் முதல் நாளே அங்கே போன் பண்ணியிருந்தாள். படுக்கை இல்லை என்று வைத்துவிட்டார்கள்.

"அங்க நான் நாலு மாசம் முன்னாடியே போன் பண்ணினேன்க்கா" என்றான் தம்பி. "பேரு, அட்ரஸ் எல்லாம் எழுதிக்கிட்டாங்க. சொல்லி அனுப்புறோம்னாங்க. அனுப்பல."

"புளுகாதே. நீயாவது போய்க் கேக்குறதாவது! இந்த ஆறு வருஷத்துல உன் வாயில ஒரு நிஜம் வந்திருக்கா?"

அவன் பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அவனையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆறாவது மாடிக் கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவே இல்லை. "பெட் இல்லைம்மா. பத்தும் ஃபுல்."

தம்பி பெஞ்சில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டான். நெற்றியெல்லாம் வியர்வை. "அக்கா, பத்து மணி வரைக்கும் தாங்குவேன். அதுக்கு மேல எந்திரிச்சுக் கடைக்குப் போயிடுவேன். போனா இன்னொரு தடவை வர மாட்டேன். நிஜமாத்தான் சொல்றேன்."

மணி ஒன்பதேகால். அவள் நேரத்துக்குக் கீழே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலைக்கு உலை. இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமைதான் ஆறாவது மாடி மூட்டை வரும் நாள். அவிழ்த்தாள். பத்து விரிப்பு. ஆறு கசங்கி, வியர்வையும் வாந்தியும் நாறின. நாலில் மடிப்புக் கோடு அப்படியே நின்றது. விரித்திருக்கிறார்கள், யாரும் படுக்கவில்லை. படிந்த கோட்டிலேயே மடித்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் போட்ட கோடு.

அது புதிதில்லை, கண்ணுகளா. இரண்டு மூன்று மாதமாக வாராவாரம் அப்படித்தான் வந்தது. "ஆறாவது மாடியில நாலு பேர் பொம்மை மாதிரி அசையாம தூங்குறாங்கடி" என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். வந்ததைத் துவைத்து, மடித்து, மேலே அனுப்பியிருக்கிறாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

நாலு விரிப்பையும் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடியும் படியிலேயே ஏறினாள். எழுத்தரின் மேஜையில் பொத்தென்று போட்டாள்.

"பத்தும் ஃபுல்லா? இதுல யாரு படுத்தா? காத்தா?"

"அந்த நாலும் ஒதுக்கியாச்சும்மா. கடிதம் போட்டாச்சு. ஆள் வரல, அவ்வளவுதான்."

"வராதவங்களுக்கு எதுக்குப் படுக்கை?"

"பேரை அடிக்கணும்னா அவங்களே வந்து வேண்டாம்னு கையெழுத்துப் போடணும். விதி அப்படி."

"வராதவன் வந்து, நான் வரலன்னு கையெழுத்துப் போடணுமா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எழுத்தரின் காது சிவந்தது. சத்தம் கேட்டுத் தலைமை நர்ஸ் வெளியே வந்தாள். அதற்குள் மடிப்பக்கா பதிவேட்டைத் தன் பக்கம் வெடுக்கென்று திருப்பியிருந்தாள். நாலு பெயர். மூன்று யாரோ. நாலாவது அவள் தம்பியின் பெயர். அவன் காலி செய்துவிட்டு வந்த வாடகை அறையின் விலாசம். படுக்கை ஒதுக்கிப் பதினொரு வாரம்.

இரண்டாம் தடவை படித்தாள். கத்த வாயெடுத்தவளுக்குக் குரல் கீழே இறங்கிவிட்டது. அதுதான் எழுத்தரை நடுங்க வைத்தது.

"அவன் படுக்கையையே அவனுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. பேரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க சொல்லலையே" என்றார் எழுத்தர்.

"அவன் படுக்காத விரிப்பைப் பதினொரு தடவை துவைச்சிருக்கேன்யா நான்! இந்தக் கையால! வீட்ல அவனைப் புளுகன்னு திட்டிட்டு, இங்க வந்து துவைச்சிருக்கேன்!"

திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் தம்பி இருந்த இடம் காலி. சுவர்க் கடிகாரத்தில் பத்து தாண்டி ஏழு நிமிஷம்.

ஓடினாள். அவன் லிஃப்ட் வாசலில் பொத்தானை அமுக்கிவிட்டுக் கதவோடு காதை ஒட்டி நின்றான்.

"கயிறு உரசுதுக்கா. யாரும் எண்ணெய் போடல போல. வர ரொம்ப நேரமாகும்."

"டேய்" என்றாள். மூச்சு வாங்கியது. "நீ பொய் சொல்லலடா. பேர் இருக்கு. படுக்கை இருக்கு. நான்தான் நம்பல."

அவன் அவளையே பார்த்தான். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. ஆளில்லாமலே மூடிக்கொண்டது.

தலைமை நர்ஸ் ஊசி மருந்தை எடுத்து வைத்தாள். விரிப்பை மடிப்பக்காவே விரித்தாள். அவன் படுத்த இடத்தில் முதல் கோடு அழிந்தது.

அடுத்த திங்கட்கிழமை மூட்டையில் ஏழு கசங்கி வந்தன. அதில் ஒன்றை அவள் மோந்து பார்த்தாள். ஒரே வியர்வை நாற்றம். அழுதாள். மிச்சம் மூன்றையும் துவைக்கவில்லை. "இதில் படுக்க வேண்டியவர்களைத் தேடுங்கள்" என்று தாளில் எழுதி ஊக்குக் குத்தித் திருப்பி அனுப்பினாள். மேற்பார்வையாளர் கூப்பிட்டுத் திட்டினார். மறுவாரமும் அனுப்பினாள். தம்பி வீடு வந்து, சனிக்கிழமை தோறும் பஸ் டிரைவர் பக்கத்தில் முட்டி இடிக்க உட்கார ஆரம்பித்த பிறகும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில் தலைமை நர்ஸே போனை எடுத்தாள். அந்த மூன்று பேரில் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. இன்னொருவர் வீட்டில் போனை எடுத்த பெண், "இப்பத்தான் கூப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். மடிப்பக்காவின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

போய்ப் படுங்கள், என் செல்லங்களா. உங்கள் வீட்டில் ஒருவர் வாய்விட்டு உதவி கேட்டால் அன்றைக்கே அதை நம்பும் காது உங்களுக்கு வாய்க்கட்டும். நீங்கள் தட்டும் கதவுக்குப் பின்னால் தலை நிமிர்ந்து பேர் கேட்கும் மனுஷர் இருக்கட்டும். உங்கள் வீட்டு விரிப்பெல்லாம் ஆள் படுத்துக் கசங்கட்டும். ஒன்றுகூடக் கோடு அழியாமல் கிடக்க வேண்டாம்.