பெரியவளின் கைப்பக்குவம்

அந்த வீட்டில் கத்தரிக்காய் மசாலா என்றால் பெரியவள் பெயர்தான் அடிபடும். செய்வதென்னவோ சின்னவள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இருவரும். மல்லி, மிளகாய், வேர்க்கடலை, எள் எல்லாவற்றையும் வறுத்து அரைத்து, காம்போடு நாலாகக் கீறிய பிஞ்சுக் கத்தரிக்காயில் அடைத்து, எண்ணெய் பிரியும்வரை வேர்க்க விறுவிறுக்க அடுப்படியில் நிற்பாள் சின்னவள். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் பெரியவள் நல்ல புடவையில் வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போவாள்.

போன தடவை பெரியவளின் கணவனுடைய மேனேஜரும் அவர் மனைவியும் வந்திருந்தபோது ஒரு படி மேலே போய்விட்டாள். "எங்க சின்னவளுக்கு வெந்நீர் வைக்கக்கூட நான்தான் சொல்லிக்குடுக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளின் கணவனும் சிரித்தான். உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சிரிப்புதான் நெஞ்சில் தைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அதே தம்பதி மறுபடி வருவதாக இருந்தது. சின்னவள் காலையிலேயே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

"என்ன இது? எழுந்திரு, அவங்க வந்துடுவாங்க" என்றாள் பெரியவள்.

"தலை பிளக்குதுக்கா. உங்க கைப்பக்குவம் இருக்கும்போது என்ன கவலை?"

பெரியவள் முறைத்துவிட்டுப் போனாள். சின்னவள் கண்ணை மூடி, காதைத் தீட்டிக்கொண்டாள். டப்பாக்கள் உருண்டன. கடுகு போட்ட பிறகும் வெடிக்கிற சத்தம் வரவில்லை. எண்ணெய் காயவில்லை போல. பிறகு மிளகாய் கருகி வீடே இருமியது. அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

சாப்பாடு நடந்தது. மேனேஜரின் மனைவி குரல் கேட்டது: "எப்பவும் போல பிரமாதம்."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைக்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"இது அக்கா செஞ்சது. இதுக்கு முன்னாடி நீங்க இங்க சாப்பிட்டதெல்லாம் நான் செஞ்சது. நிஜமாவே வித்தியாசம் தெரியலையா?"

மேனேஜர் தண்ணீர் டம்ளரைத் தேடினார். அவர் மனைவி தன் தட்டைப் பார்த்தாள். ஓரமாக ஒதுக்கிய கத்தரிக்காய் அப்படியே கிடந்தது.

"முதல் வாயிலேயே தெரிஞ்சுதும்மா. வந்த இடத்துல உட்கார்ந்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

பெரியவள் முகம் பேயறைந்ததுபோல ஆனது. கரண்டி கையிலேயே நின்றது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சின்னவள் அந்த முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அடுப்படியில் இரண்டு சமையல். அந்த வாரமே சின்னவள் மறுபடி கத்தரிக்காய் மசாலா செய்தாள், ஜன்னலைச் சாத்திவிட்டு, வாசம் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றும்படி. அவள் கணவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பெரியவளின் கணவன் தட்டோடு வந்து நிலைப்படியில் நின்றார்.

"ஒரே ஒரு கரண்டி போட்டாப் போதும்மா."

"அக்கா உங்களுக்குன்னே ஏதோ செஞ்சு வெச்சிருக்காங்களே, மாமா" என்றபடி சின்னவள் வாணலியை மூடினாள்.