முன் சீட்டுக்குக் கீழே ஈரம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, அங்கே காற்று வருகிறது, இப்படி நகர்ந்து உட்காருங்கள். ஒரு பழைய டீசல் காரின் கதை சொல்கிறேன். கார் கதைதானே என்று கொட்டாவி விடாதீர்கள். இதில் ஒரு மனுஷனின் மானம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மனுஷன் கண்டக்டர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் தெருவுக்கே அவர் கண்டக்டர்தான். ஆயுசு முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் கிழித்தவர். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அடுத்த பஸ் நிலையம் வரும்வரை அடக்கிப் பழகிய உடம்பு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாராவாரம் மகனுடைய காரில், முன் சீட்டில் உட்கார்ந்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போவார். முழங்கால் போன பிறகு அவரால் பஸ் படி ஏற முடியாது. பஸ்ஸிலேயே வாழ்ந்தவருக்கு அந்தக் கதி. அக்கா படுத்த படுக்கை. அவரை "சுண்டு" என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் மகன் காரைக் கழுவும்போது, முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் நனைந்திருப்பதைப் பார்த்தான். தொட்டான், பிசுபிசுத்தது. முகர்ந்தான், இனிப்பாக ஒரு வாடை. அப்பாவுக்கோ சர்க்கரை வியாதி. போதாதா? தீர்ப்பு எழுதியாகிவிட்டது!

அடுத்த வாரம் கண்டக்டர் காரில் ஏறினால், காலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மொறமொறவென்றது.

"இது எதுக்குடா?"

"சும்மாதான்ப்பா. மண்ணு ஒட்டாம இருக்கட்டும்னு."

பின் சீட்டிலிருந்து மருமகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல மாமா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரை தருவாங்க."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் காது மடல் கொதித்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை.

"ஏண்டா, என் பேண்ட் காஞ்சிருக்கு. சீட்டும் காஞ்சிருக்கு. தரை மட்டும் எப்படிடா நனையும்? நான் என்ன மந்திரவாதியா?"

"மெதுவாப்பா, பக்கத்து வண்டியில கேக்கும்."

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்!"

அதற்கப்புறம் அக்கா வீட்டுப் பயணம் நின்றுபோனது. "இந்த வாரம் வேணாம்ப்பா, வண்டி சூடாகுது" என்பான் மகன். அது பொய்யும் இல்லை. வெப்பமானி முள் ஏறிக்கொண்டே இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைத் தொட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் குறைந்தது. காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. முன் கண்ணாடியின் உள்பக்கம் வேறு, எண்ணெய் பூசினாற்போல் மூடுபனி படிந்தது. ஆனால் கண்டக்டர் நம்புவாரா? தன்னை ஏற்றாமல் இருக்க வண்டி மேல் பழி போடுகிறான் என்றே நினைத்தார். சோறு இறங்கவில்லை.

ஒரு காலை மகன் காரைப் பட்டறைக்கு எடுத்துப் போகக் கிளம்பினான். வந்து பார்த்தால் முன் சீட்டில் அப்பா. பிளாஸ்டிக் விரிப்பு பின் சீட்டில் கிடந்தது.

"இறங்க மாட்டேன். வண்டி சூடாகுதுன்னு அந்த மெக்கானிக் வாயால சொல்லட்டும்."

பட்டறையிலும் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மன் வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எஞ்சினுக்குள்ள ஹெட் கேஸ்கெட் போயிருச்சுன்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க" என்றான் மகன். "ரேடியேட்டர் ஓஸ் குழாயைப் புடிச்சா கல்லு மாதிரி இருக்கு."

"சூட்டுல எல்லா வண்டி ஓஸும் அப்படித்தான் இருக்கும்" என்றார் மெக்கானிக். "ஆறினப்புறம் புடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப ஆறட்டும்."

ஆறியது. ஓஸ் தொளதொளவென்று ஆகிவிட்டது. மெக்கானிக் ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. தொட்டி மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே ஒரு குமிழிகூட வரவில்லை.

"கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு. வேற எங்கயோ கசியுது."

எஞ்சினை நிறுத்தித் தொட்டியை நிரப்பினார். மூடி இருந்த இடத்தில் மானி வைத்த கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். முள் ஏறி நின்றது. பிறகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல இறங்கியது. விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது.

"முள்ளு இறங்குது, கீழ சொட்டு இல்ல. எங்கதான் போகுது?"

அந்த நொடி கண்டக்டரின் கால் கட்டைவிரலில் சில்லென்றது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐயோ, நிஜமாகவே நான்தானோ! யாரும் பார்க்காமல் பேண்ட்டைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. இன்னொரு சொட்டு, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து.

"டேய்! இங்க வாடா! வந்து பாரு! எங்கேருந்து சொட்டுது? என்கிட்டேருந்தா?"

மெக்கானிக் விரலால் தொட்டு முகர்ந்தார். "கூலன்ட். இனிப்பு வாடைதான் அடிக்கும். ஹீட்டருக்குன்னு உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு, அதுதான் ஓட்டை. கண்ணாடி மூடுபனியும் இதனாலதான். ஏன் சார், இத்தனை நாள் இந்த ஈரத்தை யாரும் பாக்கலையா?"

மகன் தரையைப் பார்த்தான்.

"பாத்தாங்க" என்றார் கண்டக்டர். "மோந்தும் பாத்தாங்க. சொல்லுடா, என்ன முடிவு பண்ணினீங்கன்னு அவர்கிட்ட சொல்லு."

"மன்னிச்சிருங்கப்பா."

ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஓஸையும் கழற்றி, நடுவில் ஒரு குழாய் வைத்து இணைத்தார் மெக்கானிக். "ஹீட்டர் வேலை செய்யாது. வண்டி ஓடும்." மறுபடி பம்ப் அடித்தார். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, உதறி, டிரைவர் சீட்டில் பாங்காக விரித்தார்.

"நீ இதுல உக்காந்து ஓட்டு. அக்கா வீட்டுக்கு. போலாம், ரைட்!"

வழி நெடுக மகனுக்கடியில் அது மொறமொறத்தது.

அக்கா படுக்கையிலிருந்து கையை நீட்டினாள். "சுண்டு! ஏண்டா இத்தனை வாரமா வரல? என் மேல கோவமா?"

"வண்டி ஒழுகிச்சு அத்தை" என்றான் மகன், வாசலிலேயே நின்று, முணுமுணுப்பாக.

"சத்தமாச் சொல்லுடா. உன் அத்தைக்குக் காது மந்தம். எது ஒழுகிச்சு?"

"வண்டி, அத்தை! வண்டிதான் ஒழுகிச்சு!"

"இன்னொரு தடவை" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டுக் கூரையும் குழாயும் வண்டியும் ஒழுகாமல் இருக்கட்டும் கண்ணுங்களா. ஒழுகினாலும், பழி ஒழுகிய இடத்தையே போய்ச் சேரட்டும். உங்கள் வீட்டில் யாருக்கும் அவரவர் சீட்டு பறிபோகாமல் இருக்கட்டும். நல்லா இருங்க.