பொய்ச் சன்னல்

முரியல் வீட்டுக் கோழிக்கூட்டின் செங்கல் சுவரைக் கொத்தனார் வில்ஃப் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"இதேதான் முரியலம்மா. அதே சூளை, அதே சிவப்பு. புதுக் கல்லு வெச்சா எஸ்டேட் மானேஜர் என்னைத் தொலைச்சிடுவாரு. ஒரு வண்டிக் கல்லு குடுங்க, எதிர்வீட்டு ஓட்டையை அடைச்சிடறேன்."

எஸ்டேட்டின் செங்கல் வீடுகள் எல்லாவற்றிலும் சாலைப் பக்கம் ஒரு பொய்ச் சன்னல் உண்டு. முதலாளியின் பெரிய வீட்டுக்குச் சாரட்டில் போனவர்கள் கண்ணுக்கு வீட்டின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிய வேண்டுமென்று, முழுச் சுவரில் சட்டமும் கண்ணாடியும் பெயின்டால் தீட்டியது. எதிர்வீட்டில் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஸ்டான் படுத்த படுக்கையாகக் கிடந்தான். அவன் பெண்டாட்டி ஐவி யாரையும் கேட்காமல் கல்லை உடைத்து நிஜச் சன்னலே வைத்துவிட்டாள்.

சாலையிலிருந்து பார்த்தால் பெயின்டுக்கும் கண்ணாடிக்கும் வித்தியாசமே தெரியாது. முரியல் சொல்லாவிட்டால் மானேஜருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. தன் வாசலுக்கு மேல் ஒரு சின்னக் கூரை கேட்டதற்கு, வீட்டின் முகம் கெட்டுவிடும் என்று அவளிடம் கையை விரித்த எஸ்டேட்காரர்கள்தானே? எனக்குக் கிடையாது, அவளுக்கு மட்டும் உண்டா என்று பொறாமையில் வெந்து, சர்ச் வாசலில் மானேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இப்போது கூசியது.

"தரமாட்டேன்னு சொன்னா?"

"கல்லு கெடைக்கலேன்னா ஐவிதான் வீட்டைக் காலி பண்ணணும். மானேஜர் சொல்லிட்டாரு."

அதற்குள் ஐவியே தள்ளுவண்டியோடு வந்துவிட்டாள். "உன்கிட்ட கல்லு கெடைக்கும்னு வில்ஃப் சொன்னான்! வீடு தப்பிச்சுது முரியல். எந்தப் பாவி போட்டுக் குடுத்தானோ, அவன் நல்லாவே இருக்கமாட்டான். உன்னை விட்டா எங்களுக்கு யாருடி இருக்கா?"

 அவமானத்தில் முரியலுக்குக் காது மடல் சுட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். "பாத்துத் தூக்கு, கையைக் கிழிச்சிடும்" என்றுதான் வந்தது.

கூட்டை இடித்து எடுத்ததில் வண்டியில் அடங்காத கற்களை மார்போடு அணைத்துக்கொண்டு முரியல் சாலையைக் கடந்தாள். வில்ஃப் ஏற்கெனவே கண்ணாடியைக் கழற்றியிருந்தான். உள்ளே தலையணையில் சாய்ந்திருந்த ஸ்டானின் முகம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

"முரியல்," என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "கொஞ்சம் நகரு தாயே. கடைசியா ஒரு தடவை பாத்துக்கலாம்னா, உன் ஆப்பிள் மரத்தை முழுக்க மறைக்கிறியே."

கல்லை இறக்கவும் தோன்றாமல் அவள் ஒரு பக்கமாக விலகினாள். இன்னும் கொஞ்சம் என்று அவன் கையைக் காட்டினான். இன்னும் கொஞ்சம் விலகினாள்.