மூன்றாம் நாள் வேலைக்கு வந்தவர்

பெரிய வெள்ளியன்று சாயங்காலம் புதைக்கப்பட்ட அன்புமணி, ஞாயிறு காலை ஆறரைக்கு மருதாசலத்தின் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் கட்ட வந்தார். வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் தாமதம். தொண்டாமுத்தூர்ப் பக்கத்து அந்த ஊரில் இதற்காக யாரும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. உயிர்த்தெழுதலைப் பற்றி அப்போது பிரசங்கம் செய்துகொண்டிருந்த போதகர்தான், பாவம், சேதி கேட்டதும் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி பொற்கொடி அழுதாள், சிரித்தாள், பிறகு உலை வைத்தாள். ரேஷன் கடை மெஷின் மட்டும் அன்புமணியின் கைரேகையை ஏற்க மறுத்தது. வலது கையில், விரல்கள்வரை, கரிந்த கோடு ஒன்று ஓடியிருந்தது.

அந்தக் கோடு எப்படி வந்ததென்று மருதாசலத்துக்குத் தெரியும். காட்டுப்பன்றிக்குப் பயந்து அவர் தோப்பைச் சுற்றித் திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்டிருந்த கம்பி பட்ட கோடு அது. அன்புமணியிடம் சொல்ல மறந்திருந்தார். கம்பியைப் பிடித்தபடி அன்புமணி செத்துக் கிடந்ததைக் கண்டதும், யாரையும் கூப்பிடும் முன் அதைச் சுருட்டி மோட்டார் ரூமில் ஒளித்துவிட்டு, நெஞ்சுவலி என்று ஊரை நம்பவைத்தார். இப்போது செத்தவர் தினமும் அதே ரூமுக்குள் போய் மோட்டாரைப் போட்டார், கம்பியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மருதாசலம் தூங்கியிருப்பார். கம்பியை உக்கடம் குளத்தில் வீசிவிட்டு வந்தார். மறுநாள் அது ஈரம் சொட்டச் சொட்ட அதே ஆணியில் தொங்கியது. காங்கேயம் கன்று ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அன்புமணி அதற்குத் தண்ணீர் காட்டி, திரும்பக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். மருதாசலத்துக்கு வாயில் வைத்த சோறெல்லாம் கரிந்த வாடை அடித்தது. ஏழு வருடத்தில் மருதாசலம் பாதி ஆளாகிவிட்டார்.

ஏழாவது ஈஸ்டர் காலையில் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு பொற்கொடி வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏழு வருசமா எம்மூஞ்சியப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

“ஆமாங்க அம்மணி. இப்பப் போலீசுக்குப் போறனுங்க.” பிறகு திண்ணையிலிருந்த அன்புமணியின் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, ஒருக்காவாச்சும் நீங்க கேட்டிருக்கலாமுங்களே.”

“கேக்கறதுக்கு என்னங்க இருக்குது. அதையெல்லாம் குழியிலயே உட்டுப்போட்டுத்தானுங்க எந்திரிச்சேன்” என்றார் அன்புமணி. “போலீசுக்குப் போங்க. சாப்பிட்டுப் போங்க.”

பொற்கொடி மருதாசலத்தின் முகத்தைப் பார்க்காமலே ஒரு தட்டை எடுத்து வைத்தாள். மருதாசலம் அழுதுகொண்டே சாப்பிட்டார். சோறு சோறாகவே மணந்தது. தனக்கு இது தகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பசி மட்டும் நிற்கவில்லை.

செத்தவரே கூட வந்து வணக்கம் சொன்னதால், வழக்கை எந்தப் பிரிவில் எழுதுவதென்று ஸ்டேஷனில் இன்னும் முடிவாகவில்லை. மருதாசலம் மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவருகிறார். கம்பி பொற்கொடி வீட்டில் கொடிக்கயிறாகிவிட்டது. அன்புமணியின் சட்டை அதில்தான் காய்கிறது. துணி போடுமுன் அவள் அதைப் புறங்கையால் ஒருதரம் தொட்டுப் பார்க்கிறாள், தினமும்.