பிறந்த வீட்டு லேப்டாப்

“எனக்குப் புடவை வேணாம் பிரபு. ஒரு லேப்டாப் வாங்கிட்டு வா” என்றாள் விஜயலட்சுமி.

மறுநாள் அவள் கணவன் இளஞ்செழியனுக்குக் கருமாதி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுத்துணி கொண்டுவந்து தோளில் போடுவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். என்ன நிறத்தில் எடுப்பது என்று கேட்டுப் போகத்தான் அவளுடைய தம்பி பிரபு வந்திருந்தான். அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரலாம் என்று எந்தச் சாத்திரமும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

இளஞ்செழியனின் அண்ணன் தியாகராசன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். அவர் குடியிருப்பது பக்கத்து வீட்டில். அவர் சட்டைப் பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று செத்துப்போன தம்பியுடையது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய கையோடு அதைப் பையில் போட்டுக்கொண்டவர், துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் “எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவந்தார். எல்லாம் என்பதில் தம்பியின் பத்து மா நஞ்சை நிலமும், அறுப்புக்கு நிற்கும் குறுவை நெல்லும், வங்கிக் கணக்கும் அடக்கம். தம்பிக்குப் பிள்ளை இல்லை, அவருக்கு இரண்டு பையன்கள். ஆகவே யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

“லேப்டாப்பு எதுக்கும்மா ஒனக்கு?”

“கொள்முதல் நெலையத்துல நெல்லுப் போட ஆன்லைன்ல பதியணும் அத்தான். பட்டாவ என் பேருக்கு மாத்த எழுதிப் போடணும். பேங்குல என்ன இருக்குன்னு பாக்கணும், கரண்டு பில்லு கட்டணும். சாதாரண வேலைதான். வெல கம்மியா ஒண்ணு போதும்.”

“நெல்ல என் பேர்லயே பதிஞ்சுடலாம்னு இருந்தேனே. ஒனக்கெதுக்கு அலைச்சல்?”

“ஒக்காந்த எடத்துல பாக்கற வேலதானே அத்தான். அதுல என்ன அலைச்சல்?”

தியாகராசனுக்கு அவர் மனைவி மங்களாம்பிகை கைகொடுத்தாள். “கோடின்னா துணிதான் விஜயா. தோள்ல போடணும். அந்தப் பொட்டிய எங்கேருந்து தோள்ல போடுறது?”

“பையோட தருவாங்க பெரியக்கா. வாரு இருக்கும், மாட்டிக்கலாம்” என்றான் பிரபு. அவன் கேலி செய்யவில்லை. அக்கா கேட்டதை எப்படியாவது முறைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவனுக்கு.

கருமாதி செய்துவைக்கிறவருக்குப் போன் போனது. அவர் வேறொரு வீட்டில் பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டார் புதிதாகத் தருவது எதுவானாலும் கோடிதான், ஒரு முழம் வெள்ளைத் துணியில் சுற்றிவிட்டால் துணிக் கணக்கில் வந்துவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

தியாகராசன் தளரவில்லை. “அப்ப புதுசு எதுக்கு? பெரியவன் காலேஜுல வச்சிருந்தது பரண்ல கெடக்கு. எலி கொஞ்சம் கடிச்சிருக்கு, ஆனா ஓடும்.”

“பழசக் கோடியாப் போடலாமா அத்தான்? போட்டா ஊரு ஒங்களத்தானே பேசும்?”

“அது வாஸ்தவந்தான்” என்றாள் மங்களாம்பிகை. ஊர்ப் பேச்சு என்றால் அவளுக்கு உயிர்.

மத்தியானம் பிரபு மன்னார்குடிக் கடையிலிருந்து கூப்பிட்டான். மங்களாம்பிகை தன் போனில் ஒலிபெருக்கியைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்தாள். கடைக்காரர் ஆஸிம் பேசினார்.

“வணக்கங்க. யாருக்குங்க, என்ன யூசுக்கு?”

“அக்காவுக்கு. கருமாதிக்கு” என்று பக்கத்திலிருந்து பிரபுவின் குரல் கேட்டது.

கல்யாணச் சீருக்கும் காலேஜுக்கும் விற்றிருந்த ஆஸிமுக்கு இது புதுக் கணக்கு. “சைஸு சொல்லுங்க” என்றார்.

“சின்னதாப் போதும். அடக்கமா” என்றார் தியாகராசன்.

“செவப்பு கிவப்புன்னு எடுத்துடாதீங்க” என்றாள் மங்களாம்பிகை.

“சில்வர் இருக்குங்கம்மா.”

“மினுக்குமா?”

“இல்லீங்க, மங்கலாத்தான் இருக்கும்.”

“அப்ப சரி. சத்தம்? பாட்டு கீட்டுப் போட்டா தெருவுக்குக் கேக்குமா?”

“இந்த வெலைக்கு ஸ்பீக்கர் சுமாராத்தாங்க இருக்கும்.”

“அதையே குடுங்க.”

“கேமரா இல்லாம இருக்கா? தாலியறுக்கப் போறவள எவன் பாக்கணும்?” என்றார் தியாகராசன்.

“இப்ப எல்லாத்துலயும் வந்துடுதுங்கய்யா. வேணாம்னா மேல ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.”

மட்டமான லேப்டாப்புக்கு என்னென்ன குறைகள் உண்டோ அவையெல்லாம் ஒரு விதவைக்கு வேண்டிய லட்சணங்கள் என்று அரைமணி நேரத்தில் தெரிந்துபோயிற்று. மங்கல், சுமாரான சத்தம், சின்ன உருவம். இன்னும் கொஞ்சம் விட்டால் ஓடாமலே இருந்தால் உத்தமம் என்று முடிவாகியிருக்கும்.

விஜயலட்சுமி எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தாள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் டைப்பிங் சென்டரில் வேலை பார்த்தவள் அவள்.

“தம்பி, நான்தான் அதுல வேல செய்யப் போறேன். நாலு ஜிபி ராம் வேணாம், ஒரு பக்கம் தெறக்கறதுக்குள்ள உசிரு போயிடும். எட்டு இருக்கட்டும். எஸ்எஸ்டி போட்டதாக் குடுங்க. கேமரா இருக்கட்டும், ஸ்டிக்கர் வேணாம். மத்தபடி எது கம்மியோ அதக் குடுங்க.”

“சரிங்கக்கா. பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கணும் ஒங்களுக்கு?”

கணவன் போனதிலிருந்து, புடவையின் நிறத்தைத் தவிர, அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

“எங்க ஊருல கரண்டு போனா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நல்லா நிக்கறதாப் பாத்துக் குடுங்க தம்பி.”

மறுநாள் விடியுமுன் அவளைக் குளிப்பாட்டி உட்காரவைத்தார்கள். கொத்துப் பூவைத் தலையில் வைத்துப் பிறகு பிய்த்தார்கள். வளையல் உடைத்தார்கள். தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். சுமங்கலிகள் அந்தக் கோலத்தைப் பார்க்கக் கூடாதென்று மங்களாம்பிகை மற்றப் பெண்களோடு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரபு வெள்ளைத் துணி சுற்றிய பையை அக்காவின் தோளில் மாட்டினான். வார் அவள் ஈரத் தலைமயிரில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட்டுக்கொண்டே அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அழவில்லை. பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு தியாகராசன் வந்து கையை நீட்டினார். மங்களாம்பிகை பின்னால் நின்றாள்.

“அதக் குடும்மா, நம்ம வீட்டுல வச்சுக்கிறேன். ஒனக்கு என்ன வேணுமோ சொல்லு, பசங்க போட்டுத் தருவானுங்க. முறைக்கு வாங்கியாச்சு, முறையும் முடிஞ்சுது.”

விஜயலட்சுமி மறுக்கவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் நீட்டினாள்.

“எடுத்துட்டுப் போங்க அத்தான். என் கோடிதானே. ஒங்க சாமி ரூம் பக்கத்துல பிளக்கு இருக்குல்ல, அங்க வச்சுடுங்க.”

“ஐயையோ, தொடாதீங்க!” மங்களாம்பிகை போட்ட கூச்சலில் வாசலில் நின்ற பிரபு உள்ளே ஓடிவந்தான். “தாலியறுத்தவளுக்குப் போட்ட கோடிய எடுத்துட்டு வந்து என் வீட்டுல வைக்கறீங்களா? நான் மஞ்சக் குங்குமத்தோட இருக்கறது ஒங்களுக்குப் பொறுக்கலியா?”

தியாகராசனின் கை, கொதிக்கிற சட்டியைத் தொட்டதுபோலப் பின்னால் போயிற்று.

“இன்னொண்ணுக்கா,” என்றாள் விஜயலட்சுமி மிகவும் பணிவாக. “இதுல எது செஞ்சாலும் ஓடிபி நம்பர் வர்றது அவரு போனுக்குத்தான். ரெண்டும் சேந்தாத்தான் ஓடும். அதுவும் கோடியோட சேந்த சாமான்தான். அத்தான் நெஞ்சுகிட்டயே வச்சிருக்காங்க, எனக்குத்தான் பயமா இருக்கு.”

மங்களாம்பிகை துண்டு நுனியால் பிடித்து அந்தப் போனைக் கணவர் பையிலிருந்து உருவித் தரையில் வைத்தாள்.

“ஏய், பட்டா விஷயமெல்லாம் அதுலதாண்டி…”

“பட்டாவா, என் தாலியா? வாங்க, வந்து தலை முழுகுங்க” என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

விஜயலட்சுமி தரையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். திரை ஒளிர்ந்தது. நாற்றங்காலில் முழங்கால் சேற்றோடு நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி இளஞ்செழியன் சிரித்தான். அவள் எடுத்த படம். கேட்டு வாங்கிப் பார்க்க அவளுக்கு இத்தனை நாள் வழியில்லாமல் இருந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். பிரபு பக்கத்தில் வந்து நின்றான்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வெள்ளைத் துணியைப் பிரித்தாள். லேப்டாப் விழித்துக்கொண்டு, இது யாருடையது என்று பெயர் கேட்டது. அடித்தாள். மாலைக்குள் அவள் பெயரில் நெல்லுக்குப் பதிய என்னென்ன வேண்டும் என்று பார்த்தாகிவிட்டது, பட்டா மாற்றத்துக்கும் தேடிப் பார்த்தாகிவிட்டது.

“வேற ஏதாச்சும் வேணுமாக்கா?” என்றான் பிரபு.

அவள் யோசித்தாள். வயல் மோட்டார் கொட்டகைச் சாவி அத்தான் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பீரோவிலிருந்த பத்திரப் பையும் அங்கேதான் போயிருக்கிறது. சண்டை போட வேண்டியதில்லை. பஞ்சாயத்தும் வேண்டாம்.

“ஒண்ணும் வேணாம்டா. பக்கத்து வீடு வரைக்கும் போய், தாலியறுத்த இந்தக் கையால எல்லாத்தையும் ஒரு தடவ தொட்டுட்டு வந்துடறேன்” என்றாள்.